படியெடுத்துக் காத்தல்

பொருளைத் தேடுதல் அரிது. தேடிய பொருளைக் காத்தல் அதனினும் அரிது. செல்வத்திற்குச் சொல்லப்படும் இவ்வுண்மை எழுத்திற்கும் பொருந்தும். முன்னோர் பனையோலையில் எழுதிக் காத்தனர். அவர்க்குப் பின் வந்தோர் தாளில் அச்சிட்டுக் காத்தனர். இன்று நாம் எழுதும் கட்டுரைகளும், எடுக்கும் படங்களும், பதிவு செய்யும் குரல்களும் வீட்டிலுள்ள கணிப்பொறியில் கோப்புகளாய் உறைகின்றன. கருவி மாறிற்று, காக்கும் கடமை மாறவில்லை.

மாணவர்களே! எம் ஊராகிய இராயகிரிக்கு அண்மையில், சங்கரன்கோவில் வட்டாரத்தில், கரிவலம்வந்தநல்லூர் என்னும் பழம்பதி உள்ளது. அங்குள்ள பால்வண்ணநாதர் கோயிலில், பாண்டியர் மரபில் வந்த மன்னர் ஒருவரின் ஏட்டுச் சுவடிகள் மிகுதியாக இருந்தன. பழந்தமிழ் நூல்களைத் தேடி ஊர்தோறும் அலைந்த டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855-1942) அச்செய்தியைக் கேள்வியுற்று ஆவலோடு அங்குச் சென்றார். ஆனால், அவர் கண்டது ஏமாற்றமே. பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இடவேண்டும் என்பது விதி என எண்ணி, அவற்றை முன்னரே எரித்துவிட்டனர் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. இதனை ஐயரவர்கள் ஆறாத் துயரோடு எழுதிவைத்துள்ளார்கள். எரித்தோர் தீயவர் அல்லர். தாம் செய்தது புண்ணியம் என்றே கருதினர். அத்தீயில் அழிந்தவை எவ்வெந்நூல்கள் என்பதைக் கூறுவார் இன்று எவரும் இலர்.

அங்ஙனமாயின் எஞ்சிய நூல்கள் எவ்வாறு எஞ்சின? ஓலைக்கு உறுதி சில நூற்றாண்டுகளே. செல்லும் ஈரமும் அதனை அரித்துவிடும். சங்கப் புலவர் தம் கையால் எழுதிய ஓர் ஓலையும் இன்று நம்மிடம் இல்லை. நம்மிடம் உள்ளவை படிக்குப் படி எடுத்த படிகளே. ஓர் ஏடு நைந்தபோது, யாரோ ஒருவர் எழுத்தாணி பிடித்துப் புதிய ஓலையில் அதனைப் பெயர்த்து எழுதினார். அவர் பெயரை நாம் அறியோம். அப்படிகள் ஒரே இடத்தில் முடங்காமல், மடங்களிலும், கவிராயர் இல்லங்களிலும், கோயில்களிலும் பரவிக் கிடந்தன. ஓரிடத்தில் சிதைந்த அடி மற்றோர் இடத்து ஏட்டில் முழுமையாய்க் கிடைத்தது. அதனாலன்றோ 1894-ஆம் ஆண்டில் புறநானூறு அச்சேறியது! படிகள் போதிய அளவு கிட்டாத நூல்களின் நிலை வேறு. எழுபது பாடல்கள் கொண்டிருந்ததாகக் கூறப்படும் பரிபாடலில் இருபத்திரண்டே முழுமையாய்க் கிடைத்துள்ளன. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் இறுதிப்பத்தும் மறைந்தொழிந்தன.

இவ்வரலாற்றைப் பல ஆண்டுகள் வகுப்பில் கற்பித்த யானே அதன் பாடத்தைக் கற்கவில்லை. இராயகிரியிலும் சுற்றுப்புறத்திலும் முதிய பெண்டிர் பாடிய தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் பன்னிரண்டு ஆண்டுகள் கேட்டு எழுதினேன். ஓய்வு பெற்றபின் அவற்றைக் கணிப்பொறியில் ஏற்றினேன்; எழுதிய குறிப்பேடுகளை இனி வேண்டா என்று ஒழித்தேன். இரண்டு படிகள் எடுத்தேன். ஆயின், இரண்டையும் அதே கணிப்பொறியிலேயே வைத்தேன். ஐப்பசித் திங்களில் ஓர் இரவு பெருமழை பெய்தது, இடி இடித்தது. மின்னிணைப்பை யான் துண்டிக்கவில்லை. மறுநாள் கணிப்பொறி இயங்கவில்லை. அதனுள் இருந்த வன்தட்டை மீட்க இயலாது எனப் பழுது பார்ப்பவர் கைவிரித்தார். திருநெல்வேலியிலிருந்த பழைய மாணவர் ஒருவர் முன்னரே கேட்டு வாங்கி வைத்திருந்தமையால் தாலாட்டுகள் மட்டும் பிழைத்தன. ஒப்பாரிகள் போயின. மீண்டும் கேட்டு எழுதலாம் எனின், அவற்றைப் பாடிய மூதாட்டியருள் இன்று ஒருவரும் உயிரோடு இல்லை.

கோப்புகள் அழியும் வழிகள் பல. வன்தட்டில் காந்தப் பூச்சுடைய தட்டு விரைந்து சுழல, அதனை மயிரிழையினும் குறைந்த இடைவெளியில் படிப்புமுனை தடவாமல் கடந்து செல்கிறது. கருவி கீழே விழுந்தால் முனை தட்டில் உராய்ந்து பதிவு கெடும். பென் டிரைவ் சிறிதாகையால் எளிதில் தொலையும். கைத்தவறுதலால் நாமே அழிப்பதும் உண்டு. கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறப்பதற்குப் பணம் கேட்கும் தீய நிரல்களும் இந்நாளில் பரவியுள்ளன.

இவற்றிற்கெல்லாம் காப்பாக, வல்லுநர் மூன்று, இரண்டு, ஒன்று என எளிய நெறி ஒன்றை வகுத்துள்ளனர். மூலத்தோடு சேர்த்து மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவை இருவேறு வகைக் கருவிகளில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும். கணிப்பொறியில் ஒன்று, தனியே வாங்கிய வன்தட்டில் ஒன்று, உறவினர் வீட்டிலோ இணையவழிச் சேமிப்பகத்திலோ ஒன்று என வைத்தல் எளிதே. தனி வன்தட்டைப் படியெடுத்தவுடன் கழற்றி வைத்தல் வேண்டும். இணைத்தே வைத்தால், கணிப்பொறிக்கு வரும் கேடு அதற்கும் வரும். மற்றொன்றும் உணர்க: கைப்பேசியிலுள்ள படங்களை இணையத்தோடு ஒத்திசையச் செய்வது மட்டும் காப்பாகாது. ஓரிடத்தில் அழித்தது மற்றோர் இடத்திலும் அழியக்கூடும். அது நிழல் போன்றது. ஆள் நகர்ந்தால் நிழலும் நகரும்.

படியெடுத்தபின் அதனைத் திறந்து பார்த்தலும் இன்றியமையாதது. பண்டு ஏடு எழுதியோர் மூலத்தோடு ஒப்புநோக்கிப் பிழை களைந்ததும் இதன்பொருட்டே. 1998-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டுப் பிக்சார் நிறுவனத்தார் 'டாய் ஸ்டோரி 2' என்னும் படத்தை உருவாக்கிக் கொண்டிருந்தபோது, தவறான கட்டளை ஒன்றால் அதன் கோப்புகளுள் பெரும்பகுதி அழிந்தது. எடுத்து வைத்திருந்த படியும் செவ்வையாகப் பதிவாகவில்லை என்பது அப்பொழுதுதான் தெரிந்தது. மகப்பேற்றின்பின் வீட்டிலிருந்தே பணிசெய்த அம்மையார் ஒருவரின் கணிப்பொறியில் இருந்த படியே அப்படத்தைக் காப்பாற்றியது.

ஓரிடத்தில் மட்டும் குவித்தலின் கேட்டை யாழ்ப்பாணப் பொது நூலகமும் நமக்கு உணர்த்தும். 1981-ஆம் ஆண்டில் அது தீக்கிரையானபோது ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு அரிய ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. நூல்களைக் கோப்புகளாக்கி யாவரும் படியெடுத்துக் கொள்ளுமாறு இணையத்தில் வழங்கும் பணியை, 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தாரும், 2005-இல் தொடங்கிய நூலகம் இணையத்தாரும் செய்து வருகின்றனர். ஒருவன் கையில் உள்ளது ஒருநாள் அழியலாம். பலர் கையில் உள்ளது எளிதில் அழியாது.

மாணவர்களே! உங்கள் இல்லத்துக் கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் மீண்டும் பெறவியலாதவை எவை என்று இன்றே எண்ணிப் பாருங்கள். பாட்டியின் குரல் அதில் இருக்கலாம். மறைந்த தாத்தாவின் படம் இருக்கலாம். கடைகளில் வாங்கக்கூடியவற்றை விடுத்து, இவற்றை முதலில் படியெடுங்கள். திங்கள்தோறும் ஒரு நாளை இதற்கெனக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத யாரோ ஒருவர் கைவலியைப் பாராது எழுதியமையால் அன்றோ சங்கநூல்கள் நம் கைக்கு வந்தன! நமக்குப்பின் வருவோர்க்கு அத்தகைய ஒருவராய் நாமும் இருப்போமாக.

வினாக்கள்

1. கரிவலம்வந்தநல்லூர் ஏடுகள் அழிந்தது எங்ஙனம்?
2. ஆசிரியர் இரண்டு படிகள் எடுத்தும் ஒப்பாரிகளை இழந்தது ஏன்?
3. மூன்று, இரண்டு, ஒன்று என்னும் நெறியை விளக்கி, அதனை உம் இல்லத்தில் எவ்வாறு கைக்கொள்வீர் என எழுதுக.