பழைய ஓட்டுப் பள்ளிக்கூடம்: இடிப்பதா, காப்பதா?

நாஞ்சில் நாட்டில் கல்விச்சாலைகள் நேற்று இன்று தோன்றியவை அல்ல. 1809-ஆம் வருஷத்தில் மயிலாடியில் றிங்கல்தௌபே பாதிரியார் தொடங்கிய பாடசாலையே பிற்காலத்தில் நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. 1817-ல் திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதிபாய், குடிகளின் கல்விச் செலவை அரசாங்கமே ஏற்றல் வேண்டுமெனக் கட்டளை பிறப்பித்தார். அவ்வழி பரவிய கல்விக்கு இடந்தந்த ஓட்டுக் கட்டிடங்களை இடிப்பதா, பழுதுபார்ப்பதா என்ற கேள்வி எழும்போது, அங்கத்தினர்கள் முதலில் அவற்றின் அமைப்பை அறிதல் அவசியம்.

1. கூரை: நம் பிரதேசத்தில் ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் மற்றொரு மழை. ஆதலின் முன்னோர் கூரையைச் சரிவாக அமைத்து, இறவாரத்தைச் சுவருக்கு வெளியே நீட்டினர். பத்மநாபபுரம் அரண்மனையிலும் இம்முறையைக் காணலாம். மங்களூரில் பாசல் மிஷனைச் சார்ந்த பிளெப்ஸ்ட் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவியது 1865-ல். எனவே மங்களூர் ஓடு வேய்ந்த கூரை அதற்குப் பிற்பட்டதே; சுவர் அதனினும் பழையதாயிருத்தல் கூடும்.

2. சுவர்: கல்லையோ செங்கல்லையோ சுண்ணாம்புக் காரையால் இணைத்துக் கனமாக எழுப்பிய சுவர், பகல் வெப்பத்தை உடனே உள்ளே விடாது. காரை, சுவரில் ஏறிய ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமெண்டு பூசின் ஈரம் உள்ளே தங்கி, உப்புப் பூத்துப் பூச்சு பெயர்ந்து விழும். இதனைப் பலர் அறியாமல் பணத்தை விரயம் செய்கின்றனர்.

3. வெளிச்சம்: பிள்ளையின் இடப்புறமிருந்து ஒளி வரின் எழுதும் கையின் நிழல் ஏட்டில் விழாது. ஜன்னலை அடைத்து அலமாரி வைத்தல் தகாது.

4. தீ: 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்துப் பள்ளியொன்றில் சமையற்கூடத்தில் பற்றிய தீ, ஓலைக்கூரை வழியே பரவி 94 குழந்தைகளை மாய்த்தது. ஆதலின் ஓட்டுக் கூரையோடு ஓலைப்பந்தல் சேர்க்கலாகாது. அடுப்பு வகுப்பை ஒட்டியிருத்தலும், வாசல் ஒன்றேயாயிருத்தலும் அபாயம்.

இனிச் செய்யவேண்டுவன: வைகாசிக்குள் உடைந்த ஓடுகளை மாற்றுக. ஒரு ஓட்டின் ஒழுக்கு கைமரத்தை உளுக்கச் செய்யும். கைமரம் உளுத்தால் கூரையே சாயும். உத்தரம் சுவரிற் பதியும் இடத்தில் கறையான் உண்டா எனத் தட்டிப் பார்க்க. சுவரை ஒட்டி மழைநீர் தேங்காதபடி வடிகால் வெட்டுக.

சுவர் சாய்ந்தோ, உத்தரம் முறிந்தோ இருப்பின் பிள்ளைகளை உடனே வேறிடத்திற்கு மாற்றி, பொறியாளரின் எழுத்து மூலமான அபிப்பிராயத்தைப் பெறுதல் வேண்டும். பழமை என்னும் காரணத்தால் அபாயத்தைப் பேணலாகாது. பழசு என்னும் காரணத்தால் உறுதியானதை இடிக்கவும் ஆகாது.

அடுத்த மகாசபைக் கூட்டத்தில் இதனைப் பொருளாகச் சேர்த்து, உபவிதிகள் அனுமதிக்கும் அளவில் பொதுநல நிதியிலிருந்து உதவத் தீர்மானிப்பீர்களாக. நம் கடன் தவணையை மறவாதிருப்பதுபோல் வருஷந்தோறும் ஓடு மாற்றுதலையும் மறவாதிருப்பின், அக்கட்டிடம் பேரப்பிள்ளைகளுக்கும் நிழல் தரும்.