பன்னிரண்டரை மணிக்கு டேபிள்

தங்கச்சி, மே மாசம் பசங்களையும் அம்மாவையும் கூட்டிக்கிட்டு ஆர்லாண்டோ டிஸ்னிக்குப் போறோம்னு நீ சொன்னதுல இருந்து எனக்கு ஒரே யோசனை. ரைடு, டிக்கெட் எல்லாம் நீ பார்த்துப்பே. அம்மா எத்தனை மணிக்குச் சாப்பிடுவாங்கன்றதுதான் என் கவலை.

மாமா காக்களூர் கம்பெனியில இருந்தப்போ ஃபேமிலி டேன்னு ஒரு பார்க்குக்கு பஸ் வச்சு கூட்டிக்கிட்டுப் போனாங்க, ஞாபகம் இருக்கா? நீ வரல. எங்க குரூப்புக்கு ஒண்ணுல இருந்து ரெண்டு மணி வரைக்கும் சாப்பாடு. ஒன்றரைக்குத் தண்ணியில இருந்து ஏறினா போதும்னு நான்தான் சொன்னேன். துணி மாத்துற இடத்துல வரிசை, லாக்கர்ல வரிசை, சின்னவனோட ஒத்தைச் செருப்பைக் காணோம். ஹாலுக்குள்ள நுழையறப்போ மணி ரெண்டே கால், சாம்பார் அண்டாவைத் தூக்கிக்கிட்டுப் போறாங்க. அம்மா காலையில சுகர் மாத்திரை போட்டு நாலு இட்லி சாப்பிட்டதோட சரி. தண்ணி பாட்டிலைக் கையில குடுத்தேன், மூடியைத் திருக முடியாம விரல் நடுங்குது. நெத்தியில முத்து முத்தா வேர்வை. மாம்பழ ஜூஸ் டப்பா ஒண்ணைக் குடிக்க வச்சு, பத்து நிமிஷம் கழிச்சுதான் ஒழுங்கா பேசினாங்க.

அதனாலதான் இதை எழுதுறேன். ஆர்லாண்டோ பக்கத்துல டாம்பாவுல கொழுந்தனார் வீட்டுல ரெண்டு மாசம் இருந்தப்போ டிஸ்னி பத்திக் கத்துக்கிட்டதும் இதுல இருக்கு.

குயின்ஸ்லேண்ட், கிஷ்கிந்தான்னு பார்த்து வளர்ந்த நமக்கு பார்க்குல சாப்பாடுன்னா காசு கட்டி, வரிசையில நின்னு வாங்குறதுதான். டிஸ்னியில அப்படியும் கடைகள் இருக்கு. உட்கார வச்சுப் பரிமாறுற ஓட்டலுக்குத்தான் 60 நாள் முன்னாடியே டேபிள் பிடிக்கணும். கைக்குழந்தைன்னாலும் ஒரு தலைதான், எண்ணிக்கையில சேர்த்துடு. புக் பண்ணிட்டுப் போகலைன்னா பெரும்பாலான ஓட்டல்ல தலைக்கு 10 டாலர் பிடிச்சிடுவாங்க. அஞ்சு பேருக்கு 50 டாலர், நம்ம காசுல நாலாயிரத்துக்கு மேல. ரெண்டு மணி நேரம் முன்னாடி கேன்சல் பண்ணிட்டா ஒண்ணும் இல்ல. லேட்டானா ஒரு கால் மணி நேரம் பொறுத்துப் பார்ப்பாங்க. ஆனா அந்தக் கால் மணியை உன் கணக்குல சேர்க்காதே.

லேட் எங்கே ஆகுதுன்னா, வழியில. டிஸ்னின்றது ஒரே பார்க் இல்ல, நாலு பெரிய பார்க், ஏகப்பட்ட ஓட்டல், நடுவுல ஏரி, காடு. எல்லாம் சேர்த்து நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல. 2011-க்கு முன்னாடி இருந்த சென்னை மாநகராட்சியில பாதியைத் தாண்டும். மேஜிக் கிங்டம்னு ஒரு பார்க், கோட்டை இருக்குமே, அதுக்குக் கார்ல போனா கார் நிறுத்துற இடமும் கேட்டும் ஏரிக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம். காரை விட்டுட்டு, ஏறுற இடத்துக்கு வந்து, பையைச் சோதனைக்குக் குடுத்து, மோனோ ரயிலோ படகோ பிடிச்சு அந்தக் கரைக்குப் போகணும். அப்புறம்தான் கேட். அதுக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்கு. வேப்பம்பட்டு ஸ்டேஷன்ல எட்டே கால் எலக்ட்ரிக் ட்ரெயினைப் பிடிக்க வீட்டுல இருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவோம்? அதே மாதிரி டேபிள்ல இருந்து பின்னாடி எண்ணிக்கிட்டே வா. பன்னிரண்டரைக்கு டேபிள்னா பன்னிரண்டேகாலுக்கு ஓட்டல் வாசல்ல நிக்கணும்.

காலையிலேயே பார்க்குக்குள்ள போயிட்டா வழிப் பிரச்சினை இல்ல, ஆனா அங்கே ரைடு வரிசை இருக்கு. டிஸ்னி ஆப்ல 30 நிமிஷம்னு காட்டும், நடுவுல ரைடு நின்னு போச்சுன்னா அப்படியே நிக்க வேண்டியதுதான். பதினொண்ணேகாலுக்கு மேல எந்த வரிசையிலயும் நுழையாதே. பசங்க அழுவாங்க, அழட்டும். ஊர்வலம் போற நேரத்தையும் முன்கூட்டியே பார்த்துக்கோ, அந்த நேரத்துல தெருவைக் கடக்க ரொம்ப நேரமாகும்.

அம்மாவுக்குப் பிடிக்கும்னு சனான்னு ஒரு ஓட்டல் சொல்றேன். நான், குல்சா, பன்னீர் பராத்தான்னு ரொட்டி வகை, தொட்டுக்க ஒன்பது கிண்ணம். புளிச் சட்னி, கொத்தமல்லிச் சட்னி, ஊறுகாய் எல்லாம் அதுல உண்டு. ஜன்னலுக்கு வெளியில ஒட்டகச்சிவிங்கி மேயும். ஆனா அது பார்க்குக்குள்ள இல்ல, அனிமல் கிங்டம் லாட்ஜ்ல கிடானி வில்லேஜ்னு ஒரு பகுதியில இருக்கு. நீ தங்குற ஓட்டல்ல இருந்து அங்கே நேர் பஸ் கிடையாது, ஒரு பார்க்குக்குப் போய் மாறித்தான் போகணும். நிறைய பேர் லேட்டாகுறது இப்படித்தான். அங்கே டேபிள் போட்டா அன்னிக்கு அனிமல் கிங்டம் பார்க்குக்கே போயிடு, அங்கிருந்து லாட்ஜுக்கு ஒரே பஸ்.

முக்கியமான ஒண்ணு. வாசல்ல போய் ஆப்ல வந்துட்டோம்னு போட்ட உடனே உட்கார வச்சிட மாட்டாங்க. அஞ்சு பேருக்கு ஏத்த டேபிள் காலியாகணும், அரை மணி ஆனாலும் ஆகும். அதனால சாப்பாட்டுக்கு முன்னாடி போடுற மாத்திரையை அம்மா வாசல்ல போட வேண்டாம். உட்கார்ந்து, ஆர்டர் குடுத்த பிறகு போடலாமான்னு கிளம்புறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டு வச்சுக்கோ.

நம்ம ஊர் பார்க்குல வெளிச் சாப்பாட்டை உள்ள விடமாட்டாங்க. அங்கே விடுவாங்க, ஆனா கண்ணாடிப் பாத்திரம் கூடாது. அதனால ரெண்டு சப்பாத்தி, வாழைப்பழம், ஒரு ஜூஸ் டப்பா, இது அம்மா பையிலேயே இருக்கட்டும். உன் பையில வேண்டாம். நீ பசங்களோட ரைடுக்குப் போயிட்டா பையும் உன்னோடயே போயிடும். தண்ணிக்குக் காசு குடுக்காதே, கூல் டிரிங்க்ஸ் விக்கிற சாப்பாட்டுக் கவுன்ட்டர்ல கேட்டா ஐஸ் தண்ணி சும்மாவே தருவாங்க.

அப்படியும் லேட்டாயிடுச்சுன்னா ஓட வேண்டாம், அம்மாவை ஓட வைக்கவும் வேண்டாம். மாப்பிள்ளை முன்னாடி போய் வாசல்ல சொல்லட்டும். இடம் போயிடுச்சுன்னா பக்கத்துல கவுன்ட்டர் சாப்பாட்டை ஆப்லயே ஆர்டர் பண்ணி அம்மாவை முதல்ல சாப்பிட வை.

மே 20-ம் தேதி டேபிளுக்கு மார்ச் 21 அன்னிக்கு புக்கிங் திறக்கும். அங்கே காலை 6 மணி, நமக்கு மதியம் 3:30. நல்ல டேபிள் எல்லாம் சீக்கிரமே போயிடும். செவ்வாப்பேட்டையில இருந்து ஒரு ஸ்டேஷன்தானே, மூணு மணிக்கே இங்கே வந்துடு. வீட்டுல வைஃபை நல்லா எடுக்குது. வர்றப்போ அம்மாவோட மாத்திரைச் சீட்டை எடுத்துக்கிட்டு வா.