துணி போன பிறகு

அன்புள்ள தங்கைக்கு,

எம்ப்ராய்டரி மிஷின் வாங்கிவிட்டாய், முதல் வேலையே லேஸ் ஓரம் வைத்த டாய்லிதான் என்று எழுதியிருந்தாய். பூச்சாடிக்கு அடியில் விரிக்கிற ஒரு சாண் துணிதானே என்று நினைத்து இறங்குகிறவர்கள் ஓரத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

சேலையில் பூப் போடும்போது தையல் எங்கே விழுந்தாலும் துணி தாங்கிக்கொள்ளும். லேஸுக்கு அந்த வசதி இல்லை. தண்ணீரில் கரையும் ஷீட்டின் மேல் தைக்கிறோம். அலசினால் ஷீட் போய்விடும், நூல்தான் மிஞ்சும். பக்கத்து நூலோடு பின்னிக்கொள்ளாத இதழ் அப்போதே பிரிந்து தொங்கும். எனவே சேலை டிசைனை எடுத்து அப்படியே ஷீட்டில் ஓட்டிவிடாதே. டிசைனைக் கணினியில் தையலாக மாற்றும் பஞ்சிங்கின்போதே முதலில் குறுக்கும் நெடுக்குமாக வலைத் தையல், அதன்மேல் ஜிக்ஜாக், கடைசியில் சாட்டின் என்று அடுக்கு. திரையில் தெரியும் ஒவ்வொரு பூவையும் கேள்: துணி போனால் உன்னை யார் பிடிப்பார்?

அடித்துணியைக் கரைத்து லேஸ் எடுப்பது பழைய தந்திரம். சுவிட்சர்லாந்தில் ஐசக் குரோப்லி 1863இல் ஷிஃப்லி எம்ப்ராய்டரி மிஷினைக் கண்டுபிடித்தார். 1880களில் பட்டுத்துணியில் பருத்தி நூலால் தைத்து, பிறகு காரத்தில் பட்டைக் கரைத்து லேஸாக எடுத்தார்கள். காரத்தைப் பருத்தி தாங்கும், பட்டு தாங்காது. நமக்கு இன்று வெதுவெதுப்பான தண்ணீரே போதும்.

ஆனால் நீ இருக்கும் புதுச்சேரியில் அந்தத் தண்ணீர் காற்றிலேயே இருக்கிறது. கடலோர ஈரத்தில் ஷீட் பிசுபிசுத்துத் தொய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். ஃபிரேமில் தொய்ந்தால் அடித்தையல் ஓரிடத்திலும் சாட்டின் ஓரிடத்திலும் விழும். அந்த லேஸைக் காப்பாற்ற வழியில்லை. மீதி ஷீட்டை ஜிப் கவரில் சிலிக்கா ஜெல்லோடு மூடி வை. ஃபிரேமில் மாட்டியதை ராத்திரி முழுக்க அப்படியே விடாதே. கண்ணாடித்தாள் போன்ற ஷீட் ஊசி நெருக்கத்தில் கிழியும். துணி போன்ற ஷீட்டை இரண்டு மடிப்பாகப் போடு. பின்பக்கமும் தெரியும் என்பதால் மேலே ஓடும் நூலையே பாபினிலும் சுற்று.

லேஸ் ஓரம் சுற்றி வரும் நடுத்துணியை முன்னதாகவே அலசிக் காயவைத்து இஸ்திரி போடு. இல்லாவிட்டால் ஷீட்டைக் கரைக்கிற அலசலிலேயே பருத்தி சுருங்கி, ஓரம் அலையலையாக எழும்பும். லேஸ் தையல் துணிக்குள் இரண்டு மூன்று மில்லிமீட்டராவது ஏறியிருக்க வேண்டும். ரொம்ப அலசாதே. கரைந்த ஷீட்டின் பசை கொஞ்சம் மிஞ்சினால்தான் டாய்லி விறைப்பாக நிற்கும். துண்டின் மேல் வட்டமாக இழுத்துக் குண்டூசி குத்தி, நிழலில் காயவிடு.

மிஷினை விட்டு ஒருநாள் வெளியே வா. ரொமேன் ரோலண்ட் வீதியில் குளூனி கன்னியர் நடத்தும் எம்ப்ராய்டரி மையம் இருக்கிறது. அந்தச் சபையார் புதுச்சேரிக்கு வந்தது 1827இல். அங்கே பெண்கள் மேஜை விரிப்புகளில் கையால் பூ வேலை செய்கிறார்கள். துணியைத் திருப்பிப் பார்க்க அனுமதி கேள். அந்த மென்மை நம் மிஷினுக்கு வராது, வரவழைக்க முயலவும் வேண்டாம். மிஷினுக்கு நன்றாக வருவது தடித்துப் புடைத்த ஓரம், அதையே செய்.

முடிந்தால் நாகர்கோவில் பக்கத்துப் பழைய லேஸையும் பார். 1820களில் மிஷனரி மார்த்தா மால்ட் அங்கே பெண்களுக்குத் தலையணைமேல் வைத்துப் பின்னும் லேஸ் கற்றுக்கொடுத்தார். பாதிரியார் கால்டுவெல்லை மணந்த அவர் மகள் எலைசா அதை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். அந்த லேஸுக்கும் துணி கிடையாது, நூலோடு நூலை முறுக்கியே எழுந்தது. வலையும் பூவும் எங்கே சேர்கின்றன என்று அதில் பார்த்துக்கொண்டால், விலைக்கு வாங்கும் நூறு டிசைன் ஃபைல்களில் கிடைக்காத பாடம் கிடைக்கும்.

விற்கும்போது ஒன்று. பிரெஞ்சு வீதிகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு 'கைவேலை' என்று சொன்னால் கூடுதல் விலை கிடைக்கும் என்று யாராவது உன்னிடம் சொல்வார்கள். கேட்காதே. நாள்கணக்கில் குனிந்து தைக்கிற பெண்ணின் கூலியை அந்தச் சொல் தின்றுவிடும். சீட்டில் 'மிஷின் லேஸ்' என்றே எழுது, உன் பெயரையும் சேர்த்து.

அன்புடன்,
உன் அக்கா