கதிர்வீச்சுக்குத் துணைநிற்கும் ஆக்சிஜன்

கதிர்வீச்சுச் சிகிச்சையின் மூன்றாம் வாரத்தில், “கட்டி சுருங்கிவிட்டதே, இன்னும் ஏன் வர வேண்டும்?” என்று எங்களிடம் கேட்போர் பலர். தறி நின்றால் கூலியும் நிற்கும் காஞ்சிபுரத்தில் இக்கேள்வி இயல்பானதே. அதற்கான விடையின் ஒரு முக்கியப் பகுதி ஆக்சிஜனில் உள்ளது.

கதிர்கள் புற்றுநோய் உயிரணுவின் மரபுப்பொருளைச் சிதைக்கின்றன. ஆக்சிஜன் உடனிருந்தால் அச்சிதைவு நிலைத்துவிடுகிறது; இல்லையேல் உயிரணு அதனைப் பெரிதும் சீர்செய்துகொள்கிறது. ஆக்சிஜன் அற்ற உயிரணுவை அழிக்க ஏறத்தாழ 2.5 முதல் 3 மடங்கு கதிரளவு தேவைப்படும். சிகிச்சையில் இதன் முக்கியத்துவத்தை 1953ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லூயி ஹெரால்டு கிரே குழுவினர் விளக்கினர். கதிரளவின் அலகான ‘கிரே’ அவர் பெயரால் அமைந்தது.

இறுக்கிக் கட்டிய பட்டு நூலின் நடுவே சாயம் இறங்குவதில்லை. அதுபோல, இரத்தக் குழாயிலிருந்து ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டருக்கு அப்பாலுள்ள உயிரணுக்களை ஆக்சிஜன் எட்டுவதில்லை. ஒவ்வொரு நாள் சிகிச்சையிலும் ஆக்சிஜன் பெற்ற உயிரணுக்கள் முதலில் மடிகின்றன. பின்னர் எஞ்சியவற்றுக்கு ஆக்சிஜன் கிடைக்கத் தொடங்குகிறது. அவற்றை அடுத்தடுத்த நாள்களின் கதிர்கள் தாக்குகின்றன. கண்ணுக்குக் கட்டி மறைந்த பின்னும் சிகிச்சை தொடர்வது இதனாலேயே.

கட்டிக்குள் ஆக்சிஜன் எங்கே குறைந்துள்ளது என்பதைப் படமாக்க வேதியியலாளர்கள் முயன்று வருகின்றனர். சென்னை ஐஐடியில் வேதியியல் பேராசிரியராக இருந்த சங்கரன் சுப்பிரமணியன், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் முரளி கிருஷ்ணா செருகூரி முதலியோருடன் இத்துறையில் பணியாற்றினார். இரத்தத்தில் செலுத்தப்படும் ஒரு பொருள் காந்தப்புலத்தில் தரும் சமிக்ஞை, ஆக்சிஜன் அளவுக்கேற்ப மாறும், அம்மாற்றமே படமாகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தினர் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட எலி ஆய்வில், ஆக்சிஜன் குறைந்த பகுதிக்குக் கூடுதல் கதிர் அளித்தபோது கட்டி மேலும் நன்கு கட்டுப்பட்டது. இம்முறை இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை.

எனினும், இன்றே நம்மால் இயன்றவை உண்டு:

1. குறித்த நாள்களில் தவறாது வருக. இடையில் நிறுத்தினால் எஞ்சிய உயிரணுக்கள் பெருகும்.

2. பீடி, சிகரெட்டை விடுக. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு இரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதைத் தடுக்கிறது.

3. இரத்தசோகைக்குரிய பரிசோதனையைத் தவிர்க்காதீர்; மருந்தை மருத்துவர் சொற்படியே உட்கொள்க.

வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் வைத்துச் சுவாசிப்பது இதற்கு மாற்றாகாது.

வேலை, பயணம், செலவு ஆகியவற்றில் இடர் நேர்ந்தால், சிகிச்சையை நிறுத்துமுன் எங்களிடம் கூறுங்கள். சேர்ந்து வழி தேடுவோம்.