மாமாவும் கணவனும்

கேள்வி: நல்ல குடும்பத்துக்குள்ளேயே தீமை ஒளிந்திருப்பதைக் காட்டும் பழைய த்ரில்லர் ஒன்று சொல்லுங்களேன்? (ஒரு வாசகி, காட்டுப்பள்ளி)

பதில்: ஹிட்ச்காக்கின் 'ஷேடோ ஆஃப் எ டவுட்' (1943). சான்டா ரோசா என்ற சிற்றூர். அக்கா வீட்டுக்கு வரும் செல்ல மாமா, பணக்கார விதவைகளைக் கொன்றவன். அவன் பரிசளித்த மோதிரமே மருமகளுக்குச் சந்தேகத்தைக் கிளப்புகிறது. அம்மாவுக்குத் தெரிந்தால் உடைந்துபோவாளே என்று வாயைத் திறக்க முடியாமல் தவிக்கிறாள் பெண். எனக்குக் கொலைகளைவிட அந்த மௌனம்தான் பயங்கரம்.

நம்மிடமும் உண்டு, அதுவும் உங்கள் கடற்கரைக்குப் பக்கத்தில்! எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954), ஏவி.எம். தயாரிப்பு. 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு வீசிய சமயத்தில் ரேடியோ இன்ஜினீயர் ராஜன் சுடப்பட்டுக் கிடக்கிறான். மனைவி, தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர்... எல்லார் மேலும் சந்தேகம். பாட்டே கிடையாது, அன்றைக்கு அது பெரிய துணிச்சல். எழுபது வருஷமாகிவிட்டது, முடிவைச் சொன்னால் கோபிக்க மாட்டீர்களே? செத்தவன்தான் துரோகி, எதிரிக்கு உளவு சொன்னவன். அதைக் கண்டுபிடித்தவள் மனைவி, பண்டரிபாய். கதாநாயகனாக வளர்ந்துகொண்டிருந்த சிவாஜி இந்தத் துரோகி ராஜன் வேஷத்துக்கு ஒத்துக்கொண்டாரே, அதைச் சொல்லுங்கள்!