பேஸ் வேரியன்ட்டில் கை வைக்கும் தம்பிக்கு



ஐ.டி.ஐ. முடித்த கையோடு ஷோரூமில் ஆக்சஸரீஸ் பிரிவில் உனக்கு வேலை கிடைத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ‘பேஸ் வேரியன்ட் எடுத்துக்கிட்டு மத்ததையெல்லாம் உங்ககிட்டயே போட்டுக்கலாமான்னு ஒரு சார் கேட்கிறார், என்ன சொல்றதுண்ணே?’ என்று போனில் கேட்டாயே, அதற்கு நின்றவாக்கில் பதில் சொல்ல மனம் வரவில்லை. முப்பது வருஷமாக வண்டி வயரிங்கோடு கிடக்கிறவன் என்கிற உரிமையில் எழுதுகிறேன்.

கேட்கிறவர் நிலைமையை முதலில் யோசி. ஆறு லட்சத்துக்கு வண்டி பார்க்க வருகிறவர் நகையை அடகு வைத்திருப்பார், இல்லையென்றால் பி.எஃப். பணத்தை எடுத்திருப்பார். அடுத்த வேரியன்ட் அறுபதாயிரம் கூடுதல் என்றால் அதோடு நிற்பதில்லை. தமிழ்நாட்டில் ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையுள்ள காருக்கு சாலை வரி 13 சதவீதம். அதில் ஒரு 7,800 ரூபாய் ஏறும், இன்சூரன்ஸும் ஏறும். அவர் கணக்குப் பார்ப்பது நியாயம்தான். அந்தக் கணக்கில் அவருக்குத் தெரியாததைச் சொல்லவேண்டியவன் நீ.

ஏர்பேக், ஏ.பி.எஸ்., இ.எஸ்.பி. இதெல்லாம் ஃபேக்டரியை விட்டு வெளியே வந்தபிறகு எந்த ஷெட்டிலும் போடமுடியாது. மேல் வேரியன்ட்டில் இவற்றில் ஏதாவது கூடுதலாக இருந்தால், ‘சார், ஆறு மாசம் பொறுத்தாவது அதை எடுங்க’ என்று சொல்லிவிடு. உனக்கு ஒரு வேலை குறையும், பரவாயில்லை. மியூசிக் சிஸ்டம், ரிவர்ஸ் கேமரா, ஃப்ளோர் மேட் இவற்றுக்காக மட்டும் மேலே போகிறார் என்றால் தடுத்துவிடு. அதை உன்னாலேயே நன்றாகச் செய்துகொடுக்க முடியும்.

நன்றாக என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? ரிவர்ஸ் கேமரா வந்த புதிதில் ஒரு வண்டிக்கு அதைப் போட்டேன். ரிவர்ஸ் லைட் வயரைச் சீவி, கேமரா வயரை அதில் முறுக்கி, டேப் சுற்றி அனுப்பிவிட்டேன். ஐப்பசி மழை முடிந்ததும் அதே வண்டி திரும்பி வந்தது. ரிவர்ஸ் லைட் எரியவில்லை. டேப்பைப் பிரித்தால் உள்ளே பிசுபிசுவென்று தண்ணீர். செம்புக் கம்பி பச்சை பூத்து, விரலில் பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. இருட்டில் வண்டிக்காரர் பின்னால் எடுத்தபோது அவருடைய குழந்தை அங்கே நின்றிருந்தால்? இன்றைக்கும் அந்தப் பச்சை நிறம் கண்ணில் நிற்கிறது.

அதனால் வயரை வெட்டாதே. டேஷ்போர்டைக் கழற்றியதும் உள்ளே கையை விட்டுத் தேடிப் பார். சில மாடல்களில் மேல் வேரியன்ட்டுக்கான கப்ளர் பேஸ் வண்டியிலும் டேப் சுற்றிச் சும்மா கிடக்கும். அதில் மாட்டினால் கம்பெனி வேலை மாதிரியே நிற்கும். கப்ளர் இல்லையா, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்டுத் தனி வயர் இழு, ரிலே வை, கிரிம்ப் பண்ணி ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடு. நாளைக்கு நீ மாட்டியதைக் கழற்றினால் வண்டி ஃபேக்டரியிலிருந்து வந்த மாதிரியே இருக்கவேண்டும். ஹெட்லைட்டில் 60/55 வாட் பல்பை எடுத்துவிட்டு 100/90 போடச் சொல்வார்கள். பல்பு ஒன்றுக்கு 5 ஆம்பியர் ஓடுகிற வயரில் எட்டுக்கு மேல் ஓடும், ஹோல்டர் உருகிவிடும். எதிரே வருகிறவன் கண்ணும் கூசும். முடியாது என்று சொல்.

சீட் கவர் விஷயத்தில்தான் எனக்குப் பயம் அதிகம். எல்லோரும் அதைத் துணி வேலை என்று நினைக்கிறார்கள். 2023-இல் வந்த ஹூண்டாய் எக்ஸ்டரில் எல்லா வேரியன்ட்டிலும் ஆறு ஏர்பேக். சின்ன வண்டிகளில் இப்போது இது பரவிக்கொண்டிருக்கிறது. அந்த ஆறில் இரண்டு முன்சீட்டின் முதுகுச் சாய்வில், கதவுப் பக்க ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். ஓரத்தில் ‘ஏர்பேக்’ என்று எழுதிய சின்ன டேக் தொங்கும். பக்கவாட்டில் மோதினால் அது விரிவதற்குக் கண் இமைக்கும் நேரம்கூடக் கிடையாது. தடித்த ரெக்ஸினை அதன்மேல் இறுக்கித் தைத்து மாட்டினால் அந்தப் பை எங்கே போகும்? ஏர்பேக்குக்கென்றே பிரியும் தையல் போட்ட கவர் வருகிறது. அந்தத் தையல் சரியாக டேக் இருக்கும் ஓரத்தில் விழுகிறதா என்று விரலால் தடவிப் பார். இடது சீட் கவரை வலதில் மாட்டிவிடாதே. சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கப்ளரை பேட்டரி நெகட்டிவைக் கழற்றாமல் தொடாதே.

டீலரிடம் போடுவதெல்லாம் மட்டம் என்றும் எண்ணிவிடாதே. ஒரகடத்தில் தயாராகும் ரெனோ க்விட்டுக்கு 2025-இல் சி.என்.ஜி. கிட் வந்தது, அப்போது விலை 75,000 ரூபாய். அது ஃபேக்டரியில் மாட்டுவதில்லை, டீலர் வழியாகத்தான். ஆனால் கம்பெனியே முன்நின்று கொடுக்கிறது, அரசு அங்கீகாரம் உண்டு, வாரன்டி உண்டு. எங்கே மாட்டினார்கள் என்பதைவிட யார் பொறுப்பேற்கிறார்கள் என்று பார்.

அண்டர்பாடி கோட்டிங் அடிக்கச் சொல்லி மேலிருந்து நெருக்குவார்கள், அதில் இன்சென்டிவ் உண்டு. அடிப்பதானால் கதவுக்கு அடியிலும் ஓரங்களிலும் தண்ணீர் வடிகிற ஓட்டைகளை டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடி. ஓட்டை அடைபட்டால் துருவைத் தடுக்க அடித்ததே துருவை உண்டாக்கும். நீ போடும் எலக்ட்ரிக்கல் சாமான் பில்லை இன்சூரன்ஸில் காட்டச் சொல். அதன் மதிப்பில் நூற்றுக்கு நான்கு ரூபாய் பிரீமியம். காட்டாவிட்டால் விபத்தில் உடைந்தாலும் அதற்குப் பைசா வராது.

அந்த சாருக்கு நாளைக்குக் காலையிலேயே போன் பண்ணு. வண்டி இன்னும் பில் ஆகவில்லை என்றால் வேரியன்ட்டை மாற்றிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்