நால்வர் நரம்பிசையும் நம் இராகங்களும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பயில்வோர், அங்கே இசைக்கருவிகள் இயங்கும் முறையை நன்கறிவர். குழலை யாழ் தொடர்கிறது, யாழைத் தண்ணுமை தொடர்கிறது, அதன்பின் முழவு. ஒன்றன்வழி மற்றொன்று நிற்பதே இளங்கோவடிகள் காட்டும் ஒழுங்கு. இன்றைய கருநாடக இசையரங்கிலும் பாடுபவரைத் தொடர்வதே பக்கவாத்தியத்தின் முதற்கடன். நம் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934) மிருதங்கம், கடம், கஞ்சிரா, கொன்னக்கோல் எனத் தாளக் கலைஞர் பலர் சூழப் பாடிய கச்சேரியை ‘ஃபுல் பெஞ்ச்’ என்றே இசையுலகம் அழைத்தது. அத்துணைப் பேர் கூடினும் நடுநாயகம் பாடகரே.

மேலைநாட்டு ‘ஸ்டிரிங் குவார்ட்டெட்’ இதனின்று வேறுபட்டது. வயலின் இரண்டு, அதனினும் சற்றுப் பெரிய வியோலா ஒன்று, முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வாசிக்கும் செல்லோ ஒன்று, இவ்வளவே. பெருமண்டபத்திற்கன்றிச் சிறு கூடத்திற்கென எழுந்த இசை இது. ஆஸ்திரிய நாட்டு ஹைடன் (1732–1809) இவ்வடிவத்தை நிலைபெறச் செய்தார். ஒரு கருத்தை ஒருவர் தொடங்குவார், அடுத்தவர் ஏற்பார், மூன்றாமவர் மறுப்பார், நான்காமவர் அடியில் நின்று தாங்குவார். தாளக்கருவியும் இல்லை, கோலேந்தி நடத்துபவரும் இல்லை. ஒருவர் மூச்சை மற்றவர் உணர்ந்தே தொடங்குதல் வேண்டும்.

இவ்வடிவில் நம் கிருதிகளை வாசிக்க இயலுமா? சென்னையில் வி.எஸ். நரசிம்மன் அமைத்த ‘மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்ட்டெட்’ இவ்வினாவையே தன் பணியாக மேற்கொண்டது. (1986-இல் வெளிவந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் வயலின் வாசித்தவரும் இவரே.) இடர்ப்பாடு கமகத்தில் உள்ளது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. அசைவே அதன் உயிர். ஒரே நேரத்தில் பல சுரங்கள் ஒலித்து இயைய வேண்டுமாயின், அவை சற்றேனும் அசையாது நிற்றல் வேண்டும். துணைக்குரலில் அயற்சுரம் ஒன்று புகுந்தாலோ இராகமே மயங்கும். துணைக்குரல்கள் மெலிந்து நிற்குமிடங்களில் இராகம் தெளிவாகிறது என்பதும், அவை அடர்ந்து வருமிடங்களில் இனிமை மிக்கு இராகம் நெகிழ்கிறது என்பதும் நம் கருத்து.

கலக்காமல் பிணைத்தல் என்னும் இச்சிக்கல் காஞ்சி நெசவாளர்க்குப் புதிதன்று. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா. கரைகளுக்குத் தனித்தனி நாடா. உதவியாளர் ஒருவர் தறியின் ஒருபுறத்தே அமர்ந்து தம் நாடாவை வீசுவார். இருநிற ஊடைகள் கரையோரத்தில் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். உடலின் நிறமோ கரைக்குள் புகாது. பிடி தளரின் சேலை அவ்விடத்தே பிரியும். மிருதங்கக் கலைஞரும் தாம் முடிக்கும் தாளக் கணக்கைக் ‘கோர்வை’ என்றே வழங்குவது சொல்லாய்வார்க்குச் சுவை பயப்பது.

இவ்விசையைப் புதிதாகக் கேட்கும் மாணவர், பழக்கத்தால் முதல் வயலினையே பாடகராகக் கொண்டு விடுவர். ஒருமுறை அவ்வாறே கேட்கலாம். மறுமுறை அதனை விடுத்துச் செல்லோவை மட்டும் தொடர்க; மூன்றாம் முறை, எளிதில் செவிக்கு அகப்படாத வியோலாவைத் தேடுக.